தொட்டியில் குறையும் தண்ணீர்

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீயே எழுது. உன் அண்ணனைக் கேட்டால் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் சொல்வார். அவர் பேச்சை நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

அலுவலக வரவேற்பறையில் நிஜமான கிறிஸ்துமஸ் மரத்தை வெட்டி வந்து, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தியிருக்கிறார்கள். அது காய்ந்தால் நான்தான் பொறுப்பு என்று மேலாளர் சொல்லிவிட்டார். மாலையில் நிரப்பினால் காலையில் பாதிதான் இருக்கிறது. ஸ்டோர்கீப்பர் என் நாற்காலிமேல் கண் வைத்திருப்பவர். அவர்தான் இறைக்கிறார் என்று முடிவு செய்து, விடுமுறை நாளில் போய் மரத்தருகே காவல் உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் அவரும் சொம்புத் தண்ணீரோடு வந்தார்.

"நீங்கதான் தண்ணிய எடுத்து வெளிய ஊத்துறீங்கன்னு நெனச்சேன் சார். காஞ்சா நீதான் பொறுப்புன்னு மேனேஜர் எங்கிட்டயும் சொல்லிட்டாரு."

நான் நம்பவில்லை, அவரும் நம்பவில்லை. எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மத்தியானத்துக்குள் யாரும் தொடாமலே தண்ணீர் இரண்டு விரல் இறங்கியிருந்தது.

"வெட்டின பெறகும் என்னமா குடிக்குது பாருங்க சார்," என்றார்.

பண்டிகையன்று தன் அறைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். என்ன காரியம் ஆக வேண்டுமோ தெரியவில்லை. வந்ததிலிருந்து என்னை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. எதற்கும் என் நீலக் கட்டம் போட்ட சட்டைக்குப் பொத்தான் தைத்து அனுப்பு. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். சட்டையை உன் அண்ணன் கையில் மட்டும் கொடுத்துவிடாதே.