துடைப்பம் தாண்டிய கல்யாணம்

மார்ச் 6, 1865

மழை. இன்று சமையல் கொட்டகையில்தான் வகுப்பு. சிப்பாய்களுக்குப் பின்னால், சோப்பு நுரை காயாத கையோடு டோர்காஸ் அக்கா வந்து உட்கார்ந்தார். இந்த வடக்குப் படை முகாமில் துணி துவைப்பவர். பண்ணையிலிருந்து தப்பி வந்த அடிமை. "எஜமான்" என்று பலகையில் எழுதினேன். "அத அழிங்க டீச்சரம்மா. மறக்கத்தான இவ்ளோ தூரம் ஓடி வந்தேன்!" கொட்டகையே சிரித்தது.

மார்ச் 14

புதுச் சட்டம். கறுப்புச் சிப்பாயின் மனைவி மக்கள் இனி அடிமைகள் அல்லர். எல்லோரும் ஆடுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

கென்டக்கி, தெற்கோடு சேர்ந்து நாட்டைவிட்டுப் பிரிந்துபோகாத மாநிலமாம்; ஆகவே அதிபரின் விடுதலைப் பிரகடனம் இங்கே செல்லாதாம். பிரிந்துபோனவனின் அடிமைக்கு விடுதலை, விசுவாசியின் அடிமைக்கு விலங்கு! இப்போதோ, புருஷன் துப்பாக்கி பிடித்தால்தான் பெண்ணுக்கு விடுதலை. மற்றவள்? அவள் மனுஷி இல்லையா?

டோர்காஸ் அக்காவின் புருஷன் அம்ப்ரோஸை எப்போதோ மிசிசிப்பிக்கு விற்றுவிட்டார்கள். இருக்கிறாரா, இல்லையா, யாருக்குத் தெரியும்.

மார்ச் 16

சிப்பாய்க்கு மனைவியாக இல்லாத பெண்களை முகாமைவிட்டு அனுப்பப் போகிறார்கள்.

சைலஸ் அண்ணன், மனைவியை இழந்த சிப்பாய், தானாகவே வந்து கேட்டார். "என்னைக் கட்டிக்க, டோர்காஸ். சமைச்சுப் போட வேணாம். குறட்டைய மட்டும் பொறுத்துக்க."

"உன் குறட்டைக்கு எதிரிப் படையே ஓடுது. நான் எம்மாத்திரம்?" சிரித்தார். பிறகு அழுதார். பிறகு சரி என்றார்.

மார்ச் 18

பாதிரியார் கேட்டார்: "முன்னாடி கல்யாணம் ஆயிருக்கா?"

இல்லை என்று சொல்லும்படி நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அக்கா நிமிர்ந்து, "ஆயிருக்கு" என்றார்.

"பண்ணையில ஜோடியா துடைப்பத்தைத் தாண்டிட்டு கல்யாணம்னு சொல்லுவீங்களே, அதுவா? அடிமைக்குச் சட்டப்படி கல்யாணமே கிடையாதும்மா. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு, முடிச்சு வெச்சிடறேன்."

"தாண்டறப்ப அவர் கையப் பிடிச்சிருந்தேன், ஐயா. வித்தவன்தான் பிரிச்சான். நானா விடல."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி முடித்தவள் நான். படித்த வாய் என்று அப்பா சவரக்கடைக்கு வருபவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறார். அந்த வாய் இன்று ஒருவழியாகத் திறந்தது. "அவங்க சொல்றது உண்மைங்க, ஐயா." எனக்கே கேட்கவில்லை.

கல்யாணம் நடக்கவில்லை.

மார்ச் 20

அக்காவை வெளியே அனுப்பிவிட்டார்கள். வாசலிலேயே பண்ணைக்காரனின் வண்டி! யார் சொல்லி வந்தது?

"நாங்க பிடிச்சுக் குடுக்கலையே? வெளிய அனுப்பினோம், அவ்வளவுதான்" என்றார் கேப்டன். த்தூ! இதுவும் ஒரு படையா? இந்தக் கொடியின் கீழா நான் பாடம் நடத்துகிறேன்?

சைலஸ் அண்ணன் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தினார். அவரைக் காவலில் போட்டுவிட்டு, அக்காவோடு வண்டியைப் போகவிட்டார்கள்.

ஏப்ரல் 11

போர் முடிகிறதாம். மணி அடிக்கிறார்கள். ஜெயித்த பக்கத்தில் டோர்காஸ் அக்கா இன்னும் அடிமை.

டிசம்பர் 29

அரசியல் சட்டமே மாறிவிட்டது. இனி நாட்டில் எங்கும் அடிமை இல்லை. அதற்கு யாருடைய மனைவியாகவும் இருக்க வேண்டியதில்லை.

அக்கா நடந்தே வந்துவிட்டார். கழுத்தில் புதுத் தழும்பு. நான் கேட்கவில்லை. காபியைத் தொடாமலே, "பேப்பர்ல போடணும் டீச்சரம்மா, ஆளைத் தேடி" என்றார்.

எழுத ஆரம்பித்தேன். பெயர் அம்ப்ரோஸ். நெட்டை. இடது புருவத்தில் வெட்டு. மிசிசிப்பிக்கு விற்கப்பட்டவர்.

"தேடறது யாருன்னு போடட்டும், அக்கா?"

"இது என்ன கேள்வி? பொண்டாட்டின்னு போடு."