பெரிய பிக்கப்பின் அளவில் செய்த மணவறை

மச்சாள்,

நேற்று மார்க்கம் நகரில் ஒரு வாகனக் கடை முற்றத்தில் நின்று, தனியாகச் சிரித்துவிட்டேன். வெயில் பட்டுப் புது ரயர்களின் மணம் எழும்பியது. அதோடு நீரும் நினைவில் வந்துவிட்டீர். மகன் பிக்கப் வண்டி வாங்க என்னையும் இழுத்துப் போயிருந்தான். நடுத்தர அளவில் ஒன்றும் பெரியது ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. விற்கிற பெடியன் எங்கட ஆள்தான்.

"அன்ரி, இது ரெண்டுக்கும் அடிச்சட்டம் ஒண்டுதான். நீட்டியும் அகட்டியும் எடுக்கிறாங்கள். கீழ பாத்தா அண்ணன் தம்பி" என்றான்.

அட கோதாரி! இந்த ஒரு வசனத்துக்குத்தானே நீர் அவ்வளவு பாடுபட்டீர்? நீர் போய்ச் சேர்ந்து இரண்டு குளிர்காலம் முடிந்த பிறகு ஒருவன் சூயிங்கம் சப்பிக்கொண்டு சொல்கிறான்.

தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம். இருவரும் ஸ்காபரோவில் ஒரே மாடிக் கட்டடத்தில் இருந்தோம். கலியாணங்களுக்கு மணவறை வாடகைக்கு விடலாம் என்பது உம்முடைய யோசனை. உம்முடைய அண்ணர், அதாவது என்னுடைய மனிசன், "உங்கள் ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லையோ?" என்று கேட்டுவிட்டு, பிறகு தானே பலகை அறுத்துத் தந்தார். முதல் கலியாணம் என் தங்கையுடையது. ஊரிலிருந்து அம்மாவுக்கும் ஐயாவுக்கும் விசா கிடைக்கவில்லை. தாயாய் நிற்க வேண்டியவள் நான். பெற்றவர்கள் இல்லாத கலியாணத்தில் மணவறையாவது குறையில்லாமல் நிற்க வேண்டும் என்று நான் புலம்பாத நாளில்லை. அந்தப் புலம்பல் முழுவதையும் கேட்டவர் நீர்தான்.

கட்டடத்தில் ஒருவரிடம் பெரிய பிக்கப் நின்றது. அதைப் போல ஒன்று வாங்கலாம் என்று அதன் பின்பெட்டியை அளந்து, அந்த அளவுக்கே மேடைப் பலகைகளை அறுப்பித்தீர். எங்களுக்கு வாங்கக் கட்டுப்படியானதோ அதே கம்பனியின் சின்னது. அப்போதுதான் சின்னது, பெரியதின் முகத்தை அப்படியே உரித்துக்கொண்டு வரத் தொடங்கியிருந்தது. இரண்டுக்கும் அடிச்சட்டமும் ஒன்றுதான் என்று நினைக்க உமக்கு அது போதும். சுரிதாரோடு, குளிர் ஜாக்கெட்டோடு, பனி உருகிய சேற்றில் மல்லாந்து வண்டிக்குக் கீழே போய்விட்டீர். நான் உம்முடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

"மச்சாள், எழும்பும்! ஆக்கள் பாக்கினம்!"

"பாக்கட்டும். கதவுப் பிடி ஒண்டு, ஹீற்றர் திருகி ஒண்டு, எஞ்சினும் ஒண்டாம். அப்ப அடி மட்டும் ஏன் வேறயா இருக்கோணும்? ஒரே குசினியில ரெண்டு உலையோ வைப்பாங்கள்?"

விற்ற வெள்ளைக்காரரைக் கேட்டோம். தனக்கு விற்கத்தான் தெரியும் என்று கையை விரித்தார். நீளத்தை அளந்தீர். கொஞ்சம் குறைவு, பின்கதவைத் திறந்துவிட்டால் சரி என்றீர். அகலத்தை அளக்கவேயில்லை. "அது ஒண்டாத்தான் இருக்கும்" என்று நாடாவைச் சுருட்டினீர்.

கலியாணத்தன்று காலை பின்பெட்டிக்குள் பலகையை இறக்கினால், சக்கரங்களுக்கு மேலே உள்ளே பிதுங்கியிருந்த இரண்டு மேடுகளுக்கும் நடுவே அது போய் இறுகிக்கொண்டது. தரையைத் தொடவில்லை. பெரியதில் சும்மா படுத்த பலகை அது. சரித்து வைத்தால் நெடுஞ்சாலைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். பெரிய பிக்கப்காரர் விடியவே வேலைக்குப் போய்விட்டார். தங்கை மண்டபத்தில் கூந்தல் அலங்காரத்துக்கு இருந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே, "பெண்ணுக்கு ஆக்கள் இல்லை" என்று கதைத்தவர்கள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"உம்மட ஆராய்ச்சி என்ர தங்கச்சியின்ர தலையில விடிஞ்சிருக்கு!" என்று கத்தினேன்.

நீர் பெட்டியின் உட்சுவரை விரலால் தடவிக்கொண்டு நின்றீர்.

"மச்சாள், உந்தப் பள்ளம் என்னத்துக்கு?"

"பள்ளமோ? இப்ப உதோ கேள்வி?"

"அந்தப் பக்கமும் நேருக்கு நேர் இருக்கு. சும்மா செய்வாங்களே? மினக்கெட்டு இரும்பை வளைச்சிருக்கிறாங்கள்."

மணவறைக்குப் படியாக வைத்திருந்த தடித்த மரச்சட்டங்களை எடுத்துக் குறுக்கே போட்டீர். நுனிகள் அந்தப் பள்ளங்களில் போய் அமர்ந்தன. அவற்றின் மேல் பலகைகள், மேடுகளுக்கு மேலாக, ஆடாமல் அசையாமல் படுத்தன. நான் கயிற்றை எடுத்துக் கட்டத் தொடங்கினேன். நீரோ கலியாணம் தப்பியதற்கு மகிழ்ந்த மாதிரித் தெரியவில்லை.

"பெரிசில போற பலகை சின்னனிலயும் போகோணும் எண்டு ஆரோ ஒருத்தன் யோசிச்சிருக்கிறான், மச்சாள்! ஆரெண்டு தெரிஞ்சா நல்லது" என்றீர்.

முகூர்த்தத்துக்கு முன்னமே மணவறை எழும்பிவிட்டது. கெட்டிமேளம் முழங்க, தங்கையின் கழுத்தில் தாலி ஏற, நான் அம்மாவை நினைத்து விம்மிக்கொண்டு நின்ற நேரத்தில் என் காதுக்குள் உம்முடைய குரல் கேட்டது. "அப்ப அடிச்சட்டம் வேறதான். ஏன் வேறயா செய்தவங்கள்?" உம்முடைய கையில் நன்றாகக் கிள்ளிவிட்டேன். அதன் பிறகு எத்தனை மணவறை ஏற்றினோம்! ஒவ்வொரு தரமும் அந்தக் கேள்வியும் கூடவே ஏறியது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், உயர்த்த இறக்க அதன் கீழே என்ன பூட்டியிருக்கிறது என்று தாதியைக் கேட்டவர் நீர்.

நேற்று அந்தப் பெடியனிடம் நானே கேட்டேன். "இப்ப ஒண்டெண்டால், முந்தி ஏன் தம்பி வேறயா செய்தவங்கள்?" அவன் மகனைப் பார்த்தான். உமக்கு ஓடிவந்து சொல்ல வேண்டும் போல் இருந்தது, மச்சாள். இனி ஆருக்குச் சொல்வது? கைப்பையை மகனிடம் கொடுத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வண்டிக்குக் கீழே தலையை விட்டேன். முதல் தடவை.

"அம்மா, எழும்புங்கோ! எல்லாரும் பாக்கினம்!"

"பாக்கட்டும்" என்றேன்.

கீழே ஒன்றும் விளங்கவில்லை. கறுப்பாய் இரும்பு, அவ்வளவுதான். தூசியைத் தட்டிக்கொண்டு எழும்பினால், மகன் சின்னதின் பின்பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, உட்சுவரை விரலால் தடவிக்கொண்டு நிற்கிறான்.

"அம்மா, உந்தப் பள்ளம் என்னத்துக்கு?"

"உன்ர மாமி இருந்திருக்கோணும்" என்றேன். பிறகு அவனிடம் ஒரு மரச்சட்டம் தேடி எடுத்துவரச் சொன்னேன்.