உங்கள் நம்பருக்கே வரட்டும்

உங்கள் போன் இன்று காலையும் கத்தியது. அடுப்பில் பாலைப் பொங்க விட்டுவிட்டு ஓடினேன். வேறு யார், மில்லில் இருக்கும் உங்கள் மெஷின்தான். காற்றழுத்தம் குறைகிறதாம். நீங்கள் போய் ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆகிறது. அது அதற்கு எங்கே தெரிகிறது? இன்னமும் உங்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. நானும் மாதம் தவறாமல் இந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்கிறேன். பைத்தியக்காரி என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், உங்களுக்கென்ன.

அதை வாங்குவதற்கு முன் எத்தனை நாள் தட்டில் கைகழுவிவிட்டு எழுந்துபோனீர்கள்! குத்தாலம் பக்கத்தில் எல்லா மில்லிலும் கலர் சார்ட்டர் வந்துவிட்டது. கேமரா ஒவ்வொரு அரிசியையும் பார்த்து, கறுப்பை மட்டும் காற்றால் ஊதித் தள்ளும். நம் மில்லில் எட்டுப் பெண்கள் முறத்தை மடியில் வைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வியாபாரிகள் நம் மூட்டைக்குள் கைவிட்டு அள்ளிப் பார்த்து, "கறுப்பு கெடக்கே அண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த மில்லுக்குப் போனார்கள். மெஷின் வாங்கவேண்டும், இல்லையென்றால் மில்லை மூடவேண்டும். வேறு யாராக இருந்தாலும் அன்றே வாங்கியிருப்பார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவர் உங்கள் அக்கா.

பண்ணையார் வயலில் முதன்முதலாக ட்ராக்டர் இறங்கியபோது அதன் முன்னால் போய்ப் படுத்தவர் உங்கள் அப்பா. செங்கொடிக்காரர். அவருக்குக் கஞ்சி கொண்டுபோன அக்கா, அவர் அடிபட்டதை வரப்பில் நின்று பார்த்தவர். உங்கள் அம்மா இறந்த பிறகு உங்களை இடுப்பில் தூக்கி வளர்த்ததும், நாற்று நட்ட கூலியில் ஐடிஐ படிக்க வைத்ததும் அந்த அக்காதான். மெஷின் லாரியில் வந்து இறங்கிய அன்று நீங்கள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அப்பா எதுக்கு முன்னாடி போய்ப் படுத்தாரோ, அதையே வெலை கொடுத்து வாங்கியாந்திருக்கியே தம்பி."

"மூட்டை தைக்கிற வேலை இருக்குக்கா. ஒன்னைப் போகச் சொல்வேனா?"

"ஒண்ணும் வேணாம். இனிமே எங்கிட்ட என்ன பேச்சு? ஒன் மெஷின்கிட்டயே பேசிக்க."

முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். மற்றவர்களில் நாலு பேர் மூட்டை தைக்க வந்தார்கள். அக்கா வரவில்லை.

நீங்களும் மெஷினிடம்தான் பேசினீர்கள். திரையில் இருந்த இங்கிலீஷை, மாட்ட வந்தவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, 'கறுப்பு', 'பழுப்பு', 'நொய்', 'கல்' என்று துண்டுச்சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டினீர்கள். முதல் வாரம் அது நல்ல அரிசியையும் சேர்த்துத் தள்ளியது. தள்ளியதையெல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றீர்களே, நானும்தான் பின்னால் நின்றேன். "எது நல்லது, எது கழிவுன்னு நீ சொன்னாத்தானேக்கா அதுக்குச் சொல்லித்தர முடியும்" என்றீர்கள். கதவு மூடிக்கொண்டது. திரும்பி வந்து நீங்களே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டு தட்டில் பொறுக்கினீர்கள். கண் சிவந்திருந்தது. தூசி என்றீர்கள். நானும் நம்பினதுபோல் இருந்துவிட்டேன்.

பொங்கலுக்குள் மில் முழுநேரம் ஓடியது. திருத்துறைப்பூண்டியிலிருந்துகூட மில்காரர்கள் வந்து பார்த்தார்கள். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே போனில் மெஷினை நிறுத்துவதும் ஓட்டுவதுமாக என்ன பெருமை உங்களுக்கு! அக்கா வீட்டைத் தாண்டும்போது மட்டும் பைக் மெதுவாகப் போகும். மூன்று வருஷம் அப்படியே போனது. நானாவது போய் அவர் கையைப் பிடித்திருக்கலாம். எனக்கும் வீம்பு.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் மில் வாசலில் சாய்ந்த அன்று அக்கா செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். அழவில்லை. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். தட்டிலிருந்தது நம் மில் அரிசி. ஒரு பிடி அள்ளியவர் போடவில்லை. உள்ளங்கையில் பரப்பிவைத்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பழக்கம். "சீக்கிரம் போடும்மா" என்று யாரோ அதட்டினார்கள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு கறுப்புகூட இல்லையேடா தம்பி" என்றார். அதற்குப் பிறகுதான் உடைந்து அழுதார்.

அன்று வந்தவர் திரும்பிப் போகவில்லை. என்னோடுதான் இருக்கிறார். மில்லுக்குள் மட்டும் கால் வைப்பதில்லை.

முந்தாநாளே சொல்லிவைத்திருந்த சர்வீஸ்காரர் இன்று பத்து மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். காற்றழுத்தத்தைச் சரிசெய்துவிட்டு, லேப்டாப்போடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். "மெசேஜெல்லாம் சார் நம்பருக்கே போயிட்டிருக்குங்கம்மா. உங்க நம்பரைப் போட்டுடட்டுங்களா? ஒரு நிமிஷ வேலைதான்."

நியாயம்தானே? சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அடுப்படியிலிருந்து அக்கா ஈரக்கையோடு வந்தார்.

"மாத்தாதீங்க தம்பி. அவன் நம்பருக்கே வரட்டும்."

"சார்தான் இல்லீங்களேம்மா..."

"தெரியும். மூணு வருஷம் நான்தான் பேசாம இருந்துட்டேன். அதுவாவது அவங்கிட்ட பேசட்டும்."

சர்வீஸ்காரர் லேப்டாப்பை மூடினார். உங்கள் போனைச் சார்ஜில் போட்டேன். நிறைந்ததும் இடுப்பில் செருகிக்கொண்டு மில்லுக்குப் போனேன்.