முளைத்தால் எழுதச் சொன்னாள்

16-2-1982
பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் தொட்டியைப் பார்த்தேன். ஏழு விதையில் ஒன்று முளைத்திருக்கிறது. என் மகள் அமலி ஆப்பிரிக்காவில் கன்னியர் மடத்தில் காய்ச்சலில் இறந்தாள் என்று தந்தி வந்து, பன்னிரண்டு நாள் கழித்து அவள் கடிதம் வந்தது. உள்ளே இந்த விதைகள். ‘இங்கே காட்டில் காய்க்கும் பழம். நம் களாக்காய் மாதிரி. முளைத்தால் எழுதுங்கள்.’ அவ்வளவுதான்.
முளைத்துவிட்டது. எந்த விலாசத்துக்கு எழுதுவது?

3-5-1983
கிணறு வற்றிவிட்டது. குளிக்கிற தண்ணீரில் பாதியை, கொல்லையில் எடுத்து நட்ட அந்தச் செடிக்கு ஊற்றுகிறேன். பயிருக்கே இல்லாதபோது முள்செடிக்கு ஊற்றுகிறேனாம் — மகன் அருள்நாதனுக்குக் கோபம். அவனுக்கு என்ன தெரியும்?

4-5-1983
செடியிடம் குனிந்தால் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள். பட்டப்பகலில். நான் திரும்பவில்லை.

2-11-1984
கல்லறைத் திருநாள். கணவரின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அமலிக்கு எங்கே ஏற்றுவது?
செடி பூத்திருக்கிறது. வெள்ளைப் பூ, மல்லிகை வாசம். வாசம் வந்தாலே பென்னாகரத்தில் அவளைப் பஸ் ஏற்றிய நாள்தான். பதினாறு வயது.
“அண்ணனுக்கு வேண்டிக்கிட்டதுக்கு நானு எதுக்கும்மா போவணும்?”
டிரங்குப் பெட்டியை ஏற்றினேன்.
சின்ன வயதில் அருளுக்குத் தொண்டை அடைத்து மூச்சுத் திணறியபோது, இவனைக் கொடு, பெண்ணை மடத்துக்குத் தருகிறேன் என்று அந்தோணியாரிடம் நேர்ந்தது நான். அவனிடம், அவளாகவே ஆசைப்பட்டுப் போனாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

19-8-1985
ஒரே ஒரு பழம், சிவப்பாக. பறிக்கக் கை வரவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று அமலி பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

6-3-1986
பேத்தியின் காலில் முள் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. அருள் அரிவாளோடு வந்தான். செடிக்கு முன்னால் நின்றேன். நகரச் சொன்னான். அதற்கு மேல் அடக்க முடியவில்லை.
“உனக்காவத்தான்டா அவளக் கொடுத்தேன். அவ போறேன்னு சொல்லவே இல்ல.”
நேர்ச்சையையும் பஸ் அருகே அவள் கேட்டதையும் சொன்னேன். அரிவாளைத் தாழ்த்தினான்.
“இத எதுக்கும்மா எங்கிட்டச் சொன்னீங்க?”
அரிவாளை அங்கேயே போட்டுவிட்டுப் போனான். இனி அவனும் தூங்கமாட்டான். அதையும் நான்தான் செய்தேன்.

10-4-1986
அருள் செடியைச் சுற்றிப் வேலிப் படல் கட்டியிருக்கிறான். விடிந்ததும் தண்ணீர் ஊற்றுகிறான். சாப்பாட்டுத் தட்டையும் அங்கேதான் எடுத்துப் போகிறான். இன்று அவனுக்கு முன்னால் எழுந்து குடத்தைத் தூக்கினேன். கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.
“நீங்க ஊத்த வேணாம்.”
ஒரு மாதத்தில் அவன் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.