எந்தக் கிண்ணத்தை உடைப்பது

என் அருமை வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, உனக்கும் அப்படியே இருக்கட்டும். சளி விட்டதா? ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. போனில் சொல்லலாம் என்றால், நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்து அறையில் எதையோ தேடுகிற மாதிரி நடிக்கிறார், அதனால்தான் கடிதம். பட்டறையைப் பார்த்துக்கொள் என்று அவர் சொல்லி, இந்த மண்ணோட மக்கிப்போக மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டுக் கிளம்பினாயே, அன்றைக்கு அவர் மூடிய வாய்தான். அதற்கு முன்னால் நீங்கள் சண்டை போட்ட நாட்களில், "அப்பாகிட்ட சொல்லிடு", "உன் பொண்ணுகிட்ட சொல்லி வை" என்று என்னைத் தபால்காரி ஆக்கினீர்கள், எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அந்த வேலையும் போய்விட்டது. அவர் பட்டறையில், நான் அடுப்படியில். உப்பு போதுமா என்று கேட்பேன், உம் என்பார், அன்றைய பேச்சு முடிந்தது. தனியாக இருப்பதைவிட இது மோசமடி. உன் அறைக்கு வெள்ளையடித்தேன், யாரும் வந்து தங்கப்போவதில்லை, சும்மா இருக்க முடியாமல் அடித்தேன்.

நகராட்சிக் கண்காட்சிக்குச் சுடுமண்ணில் ஏதாவது செய்து தரச் சொன்னார்கள். தலைப்பு 'பிணக்கும் இணக்கமும்'. இதை வெளியே போய்த் தேடுவானேன், வீட்டிலேயே கொட்டிக் கிடக்கிறதே. இரண்டு கிண்ணம் செய்தேன். ஒன்று சிவப்பு மண், தடித்த விளிம்பு, பார்த்தாலே பிடிவாதம் தெரியும். மற்றது வெள்ளை மண், மெல்லிசு, வாய் மட்டும் அகலம். நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதாக இருந்தேன், ஆனால் இரண்டுக்கும் வளைவு ஒன்றேதான். எது யார் என்று அவரிடம் நான் மூச்சு விடவில்லை.

சூளையில் அடுக்குவது எப்போதும் அவர்தான். கிளேஸ் பூசிய சாமான்கள் ஒன்றை ஒன்று தொடக்கூடாது, சூட்டில் அந்தக் கண்ணாடிப் பூச்சு உருகினால் ஒட்டிக்கொள்ளும், இது உனக்கே தெரியும். தலை நரைக்கிற வரைக்கும் சூளை அடுக்கிய மனிதர், இந்த இரண்டையும் ஒட்டி வைத்துவிட்டார். திறந்து பார்த்தால் பிரிக்க முடியாமல் நிற்கின்றன. எனக்கு வந்ததே கோபம், கண்ணு தெரியலையா என்று கத்திவிட்டேன். இடம் பத்தலை என்றார். சூளையில் பாதி காலியாகக் கிடந்தது.

அப்படியே அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சிவப்பு மண் ஆறும்போது அதிகமாகச் சுருங்கும், அது இழுத்த இழுப்பில் வெள்ளைக் கிண்ணத்தில் மயிரிழை போல விரிசல் ஓட ஆரம்பித்திருந்தது. விட்டால் வெள்ளை போய்விடும். எதையாவது ஒன்றை உடைத்தாக வேண்டும், எதை உடைக்க என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "என்னுதை உடை, அவளுது இருக்கட்டும்" என்றார். எனக்குக் கை வரவில்லை. அவரே சுத்தியலை எடுத்து, சிவப்பை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி எடுத்தார். ஒரு சில்லு மட்டும் வெள்ளையின் விலாவில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதை அரத்தால் ராவ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார், வெகுநேரம் குழாயடியிலேயே நின்றார். நான் உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

விரிசல் நின்றுவிட்டது. கிண்ணத்தைக் கண்காட்சிக்கு அனுப்பியாயிற்று.

நீ நன்றாக இரு, நினைத்ததெல்லாம் உனக்குக் கூடி வரட்டும், வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய், என்னைக் கேட்காதே, அப்பாவைக் கூப்பிடு. எடுத்தவுடன் பேசமாட்டார், தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார். வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா