கரையில் முட்டும் நாய்கள்

3 பிப்ரவரி 1972, வியாழன்

காலையில் பனி, பத்து மணிக்கே வெயில். கால்நடை மருந்தகத்தில் இரண்டு எருமை, ஒரு கூடைக் கோழி. டிங்சர் தீர்ந்துவிட்டது. தருமபுரி ஆபீசுக்கு எழுத வேண்டும்.

மாதையன் ராணியோடு வந்தார். சாம்பல் நிற வேட்டை நாய். போன வருடப் பந்தயத்தில் முன்னங்கால் மணிக்கட்டு பிசகியது. இப்போது வீக்கமில்லை, மடக்கினால் வலியில்லை. ஞாயிறு ஓட விடலாமா என்றார்.

"எங்கே ஓட்டறாங்க?"

"அதே எடந்தாங்க. ஏரிக்குள்ளருந்து கரைக்கு."

"அப்ப வேண்டாம்."

"வருசம் பூரா இதுக்காவே தேத்துனனுங்க. ராணி ஓடலன்னா நான் ஓடட்டுங்களா?"

அதே கால் இன்னொரு தடவை போனால் நாய் நொண்டிதான் என்றேன். முகம் தொங்கிவிட்டது. நயமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு வராது.

4, வெள்ளி

சாயங்காலம் சைக்கிளில் ஏரிக்கு. தண்ணீர் வற்றிக் கெட்டித் தரை. சனம் கரைமேல் உட்கார்ந்து பார்ப்பதால் முடிவுக் கயிறு கரையடியிலேயே. நாய்க்காரர்கள் அங்கே நின்று துண்டை வீசிக் கூப்பிடுவார்கள். வேகமாக வரும் நாய் நிற்க இடமேது? கரையில் முட்டும், ஒன்றின்மேல் ஒன்று விழும். மணிக்கட்டு, நகம் எல்லாம் போவது இங்கேதான். தவிர வேலமுள், வெடிப்பு. கட்டிப்போட்ட நாயைக் கொஞ்சமும் நடக்க விடாமல் அப்படியே அவிழ்த்து ஓட்டுவது வேறு. மடத்தனம்.

5, சனி

பந்தயக் கமிட்டித் தலைவர் நஞ்சப்பனை ஏரியில் பிடித்தேன்.

"எப்பவும் இப்படித்தாங்க டாக்டர். ஜெயிக்கிறத கிட்டக்க பாக்கத்தான சனம் வருது."

"நீங்க ஓடி வந்து கரைகிட்ட டக்குனு நில்லுங்க, பாக்கலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீம்புக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியே வந்தார். இரண்டு கையும் கரையில், வேட்டி தரையில்.

சிரிப்பு அடங்கியபின் சொன்னேன்: கரையைப் பார்த்து ஓட்டாமல் கரையோரமாக, நீளவாக்கில் ஓட்டுங்கள். முழு ஓட்டமும் தெரியும். கயிற்றுக்கு அப்பால் வேகம் குறைய வெறும் ஏரி இருக்கிறது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க? என்னை எதுக்கு ஓட வுட்டீங்க?"

கயிற்றை இடம் மாற்றிக் கட்டி, இருட்டும்வரை எல்லோருமாக முள் பொறுக்கினோம். மாதையனுக்குச் சரி சொல்லி, ஓட்டும் முன் நாயை நடக்க விடவும் சொல்லி அனுப்பினேன்.

6, ஞாயிறு

நல்ல காற்று. வெயிலுக்கு முன்பே பந்தயம். மாதையன் விடிந்ததிலிருந்து ராணியை நடத்திக்கொண்டிருந்தார். பக்கத்து ஆளிடம், "நடக்க வுடுய்யா, டாக்டரு கத்துவாரு."

ராணி மூன்றாவது. கயிற்றைத் தாண்டி ஓடிக்கொண்டே போனது, வேகம் குறைந்தது, தானாக வளைந்து திரும்பி வந்தது. மணிக்கட்டைத் தடவிப் பார்த்தேன். சூடில்லை, வீக்கமில்லை. மாதையன் எத்தனையாவது இடம் என்றுகூடக் கேட்கவில்லை.

"காலுங்க?"

"நல்லா இருக்கு."

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

வேறொரு நாய்க்கு நகம் உடைந்தது. அவ்வளவுதான்.

பந்தயம் முடிந்து கமிட்டி போட்ட சாப்பாட்டில் நஞ்சப்பன்: "ஒரு ஊசிகூட போடல. ஒங்களுக்கு எதுக்குங்க கறி?" சொல்லிக்கொண்டே என் இலையில் இன்னும் இரண்டு துண்டு வைத்தார்.

டிங்சருக்கு இன்னும் எழுதவில்லை.