விடியற்காலத்துக்கு ஒரு மணி நேரம்

அண்ணாச்சி,

இன்று தீபாவளி விடியற்காலையில், இந்த மலையாள ஊரில் நம் தமிழ்ச் சந்தில் ஒரு வெடி வெடித்தது. ஒன்றே ஒன்று. எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் போட்டுவிட்டு இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். சத்தத்தைவிட அதன் பின்னால் வந்த வாசனைதான் என்னை ஆட்டிவிட்டது. பக்கத்துக் குடோனின் சுக்கு வாசனையோடு வெடிமருந்து வாசனையும் கலந்து ஜன்னல் வழியே வந்தபோது, எத்தனையோ வருஷம் கழித்துத் தீபாவளி வந்துவிட்டது போலிருந்தது. அடுத்த நொடியே கதவோரம் நிற்கும் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அந்த வாளியை அங்கே வைக்கச் சொன்னது நீங்கள்தான். "வெடிக்கு முன்னால வாளி, தங்கச்சி. அப்பறம் தேடினா கிட்டாது" என்பீர்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் லாரி ஓட்டியவருக்குச் சளி பிடித்தாலும் தண்ணீர்தான் மருந்து என்று நான் கேலி செய்வேன். அப்போதெல்லாம் நம் சந்தின் முதல் வெடி உங்களுடையதுதான். அந்தச் சத்தம் கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் எழுந்து தலையில் எண்ணெய் வைக்க உட்காருவார்.

பிறகு அவர் பக்கவாதத்தில் படுத்தார். அதற்கடுத்த தீபாவளி ராத்திரியில், யார் விட்டதென்றே இன்றுவரை தெரியாத ஒரு ராக்கெட் குடோன் கூரையில் விழுந்தது. சுக்கும் சாக்கும் எரிந்தால் எப்படி எரியும் என்று அன்றுதான் பார்த்தேன். என் வீட்டுச் சுவரும் குடோன் சுவரும் ஒன்று. கட்டிலில் கிடந்தவரை நான் இழுக்கிறேன், நகரவில்லை. நீங்கள் வந்து அவரைப் போர்வையோடு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு படகுத்துறை வரைக்கும் ஓடினீர்கள். அதை நான் மறந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அதன்பிறகு போலீஸ் கெடுபிடி வந்தது. வெடியெல்லாம் ராத்திரி இரண்டு மணி நேரம் மட்டும், குடோன் பக்கம் எப்போதுமே கூடாது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. உங்களுக்குத்தான் மனசு ஆறவில்லை. "ராத்திரி வடக்கத்திக்காரங்க தீபாவளி. நம்மட தீபாவளி வெளுப்பினல்லே, விடியறதுக்கு முன்னால? கரையோரம் மைதானத்துல போயி வெடிக்கறோம், ஒரு மணி நேரம் தந்தா மதி, அது போதும்" என்றீர்கள்.

ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டதை நீங்களே நடித்துக் காட்டினீர்களே! புதிதாக வந்த எஸ்.ஐ.யிடம், "சாரே, நாளெ வெளுப்பினு ஞங்கள்க்கு வெடி வய்க்கணும்" என்று உங்கள் மலையாளத்தில் சொல்ல, அவர் நாற்காலியை விட்டு எழுந்து, "ஆரெ?" என்று கேட்டாராம். வெடி வைப்பதென்றால் மலையாளத்தில் ஆளைத் துப்பாக்கியால் சுடுவது, அதனால்தான் யாரை என்று கேட்டார். நமக்கு அது பட்டாசு. "ஆரெயும் இல்ல சாரே, சும்மா ஆகாசத்துல" என்று சொல்லி நீங்கள் இன்னும் கெடுத்தீர்கள். விஷயம் புரிந்து எல்லோரும் சிரித்தார்கள், சாயா வாங்கித் தந்தார்கள். அனுமதி மட்டும் தரவில்லை. ஒவ்வொரு வருஷமும் போனீர்கள், சாயா குடித்துவிட்டு வந்தீர்கள். ஆனால் அனுமதி இல்லாமல் ஒரு ஓலைவெடிகூட வைக்கவில்லை.

ஸ்டேஷனுக்கு என்னையும் ஒருமுறை கூப்பிட்டீர்கள். வர மாட்டேன் என்றேன். "நீ வேண்டாம்னு சொல்லலாம் தங்கச்சி. கட்டிலு உன் வீட்டிலல்லே கிடக்குது" என்று சொல்லிவிட்டு, மிக்சர் பொட்டலத்தை நீட்டினீர்கள்.

எனக்கு அலுத்துவிட்டது அண்ணாச்சி. நீங்கள் கண்மூடியபிறகு எல்லோரும் என்னிடம் வருகிறார்கள். நம் பண்டிகையை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று பாதிப் பேர், மைதானத்திலும் வேண்டாம் என்று மீதிப் பேர். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைத் தூக்க எனக்குத்தான் தெம்பில்லை. பிள்ளைகளோ, "தீபாவளி ராத்திரியல்லே ஆன்ட்டி?" என்கிறார்கள்.

வாளியோடு ஓடிப்போய்ப் பார்த்தால், நின்றது உங்கள் மகள். பிராட்வே துணிக்கடைக்கு வேலைக்குப் போகிற அதே சுடிதார், ஈரத்தலை. போன வருஷம் துக்கத்தில் உங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. அவள் காலடியிலும் ஒரு வாளி, விளிம்புவரை தண்ணீர். திட்ட வாய் திறந்தவள் அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

"இனி இல்ல அத்தை. அப்பாவுக்கு ஒண்ணு மட்டும்" என்றாள்.

அதற்குள் சந்துமுனையில் ஜீப் நின்றது. கேஸ் என்று ஒன்று வந்தால் அவள் வேலை போய்விடும். இறங்கி வந்த போலீஸ்காரர், "எந்தா சேச்சி, இவிடெ ஒரு ஒச்ச கேட்டல்லோ?" என்று சத்தத்தை விசாரித்தார்.

"என்டெ குக்கர், சாரே. வால்வு தெறிச்சு போயி" என்றேன்.

அவர் இரண்டு வாளிகளையும் பார்த்தார். தரையில் சிதறிக்கிடந்த சிவப்புக் காகிதத்தையும் பார்த்தார். "கொள்ளாம், நல்ல குக்கர்" என்று சொல்லிவிட்டுப் போனார். இனி ஒருமுறை கேட்டால் அவரும் விடமாட்டார், நானும் விடமாட்டேன். அதையும் உங்கள் மகளிடம் சொல்லிவிட்டேன்.

வாளியைத் திரும்பவும் கதவோரமே வைத்தேன். உள்ளே கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவருக்கு இப்போது சில நாள் நினைவிருக்கும், சில நாள் இருக்காது. "வெடி கேட்டுதே, அண்ணாச்சியா?" என்று கேட்டார். தலையைக் கொஞ்சம் தூக்கி, எண்ணெய்க்குக் காட்டிக்கொண்டு கிடந்தார்.

போலீஸிடம் சொன்னதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆமாங்க, அண்ணாச்சிதான்" என்று சொல்லி, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன்.